வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது: தமிழ்நாட்டுக்குள்ளேயே!



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பீரியட் ஆகும். அவசர வேலை இருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், ஆப்சென்ட் போட மாட்டேன்.

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய வண்டிகள் பெருங்களத்தூரில் வரிசைகட்டி நின்ற படம் ஒன்றைப் போட்டிருந்தேன். அதன் கீழே வந்த கமெண்டுகளில் மூன்று என்னைத் தூங்கவிடவில்லை. யார் எழுதியது என்று சொல்லப்போவதில்லை. மூவருமே எனக்கு வேண்டியவர்கள்.

ஒன்று: "ஊர்ல இருந்து எல்லாரும் வந்து குவியிறதாலதான் சார் தாம்பரம் இப்படி நாறுது."

இரண்டு: "சென்னையும் செங்கல்பட்டும் சம்பாதிக்குது, மத்த மாவட்டமெல்லாம் உக்காந்து சாப்பிடுது. இதுதான் சார் உண்மை."

மூன்று, சொந்தக்காரப் பையன் எழுதியது: "மாமா, நம்ம பக்கம் எவன் ஃபேக்டரி கட்ட வருவான்? அருவாள நெனச்சாலே ஓடிருவான்."

மூன்றும் தப்பு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

1. ஊர்க்காரன் ஏன் வருகிறான்?

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒரு ஆணி அடித்து, முப்பது கிலோமீட்டர் அளவுக்கு நூல் கட்டி ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் என்னென்ன விழுகிறது என்று எழுதுங்கள்.

1984இல் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். 1990களின் நடுவில் மறைமலை நகரில் ஃபோர்டு. 1996இல் அடிக்கல் நாட்டி 1998இல் கார் வெளிவந்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். 2000இல் தரமணியில் டைடல் பார்க், அதைத் தொடர்ந்து சிறுசேரி வரை ஓ.எம்.ஆரின் கண்ணாடிக் கட்டடங்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. பிறகு ஒரகடம், மகிந்திரா சிட்டி. எல்லாம் ஒரே வட்டத்துக்குள்!

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். இந்த வேலைகளால் தலையெடுத்த குடும்பங்கள் எத்தனையோ. உங்களில் பாதிப் பேர் அதற்குச் சாட்சி. ஆனால் முப்பது வருடமாக நல்ல காரியம் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் செய்துகொண்டிருந்தால், மற்ற வீட்டுப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அந்த வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

சங்கரன்கோவில்காரனுக்கும் பரமக்குடிக்காரனுக்கும் அறந்தாங்கிக்காரனுக்கும் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து, ஒரே அறையில் நாலு பேராகப் படுத்து, கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆசையா என்ன? நானும் 1981இல் மீட்டர்கேஜ் ரயிலில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவன்தான். கமெண்ட் போட்ட தம்பியின் அப்பாவும் எனக்கு இரண்டு வருடம் கழித்து வந்தவர். முதலில் வந்தவன் ஊர்க்காரன், பிறகு வந்தவன் கூட்டமா?

சரி, குவித்ததில் இந்த வட்டத்துக்காவது நிம்மதி உண்டா? அதுவும் இல்லை.

ஒன்றாயிருந்த காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம் என்று உங்களுக்கு நான்தான் பாடம் நடத்தினேன். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று நாம் இன்று பஸ் ஸ்டாப் பெயராகச் சொல்வதெல்லாம் ஏரியின் பெயர்களும்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தது. குப்பைமேடும் சாலையும் கட்டடமும் தின்றது போக இன்று மிஞ்சியிருப்பது சொற்பம். அதற்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஆளைக் கொன்றுவிட்டு மாலை போடுவது மாதிரி என்று அன்றைக்கே ஒரு நண்பரிடம் சொன்னேன்.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்களே, நினைவிருக்கிறதா? அடையாறு யார் வீட்டுக்கும் திருட வரவில்லை. தன் நிலத்தைத் தேடி வந்தது.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர்ப் பலகை மாறிவிட்டது. பல தெருக்களில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை, கழிவுநீர் லாரிதான் வருகிறது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தபோது, அதன் எதிரே போகிற ரயில் பாதையில் ஒரு ரயில் நிலையம் கிடையாது. இரவில் மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் இறங்கியவர்களைக் கேளுங்கள், திட்டமிடுதல் என்றால் என்ன என்று சொல்வார்கள்.

இதே வட்டத்துக்குள் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட ஏழைகளை 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். அடுக்குமாடிக்கு எதிரே அடுக்குமாடி. ஒரு பக்கம் சாஃப்ட்வேர், மறுபக்கம் அதே அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா. வளமான மாவட்டம் என்றால் எல்லாரும் வளம் என்று பொருள் அல்ல.

ஆக, நாறுவதற்குக் காரணம் வந்தவர்கள் அல்ல. எல்லாவற்றையும் இங்கேயே கொண்டுவந்து கொட்டிய கொள்கை.

2. யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?

சென்னை சம்பாதிக்கிறது, மற்றவர்கள் சாப்பிடுகிறார்களாம். கணக்குப் போடலாம்.

தண்ணீர்: வீராணம் ஏரி எந்த மாவட்டம்? கடலூர். 2004இலிருந்து 235 கிலோமீட்டர் குழாய் வழியாக நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குக் கொண்டுவர அமைத்த திட்டம் அது. 2019 கோடையில் நம் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் தண்ணீர் வந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் குடத்தோடு நிற்கிறபோதே வந்தது.

மின்சாரம்: நெய்வேலியில் நிலத்தைத் தோண்டி எரித்த மின்சாரம். தூத்துக்குடி அனல்மின் நிலையம். கூடங்குளம் அணு உலை. கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள். 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது, அப்போது உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. வெயில் கமுதியுடையது, ஏ.சி. ஓ.எம்.ஆருடையது. சூரியத் தகடு துடைக்க எத்தனை பேர் வேண்டும்? அந்த வேலைவாய்ப்புதான் கமுதிக்கு.

மூன்றாவதுதான் பெரிய கணக்கு. அதை யாரும் போடுவதில்லை. மனிதர்கள். ஒரு பிள்ளையைப் பெற்று, தடுப்பூசி போட்டு, பால்வாடியில் விட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்லூரிக்குக் கடன் வாங்கிப் படிக்கவைத்து, இருபத்திரண்டு வயதுவரை வளர்ப்பது ஒரு மாவட்டம். அந்தப் பிள்ளை உழைத்துச் சம்பாதிக்கிற நாற்பது வருடம் வேறொரு மாவட்டத்துக்கு. வாடகை இங்கே, வீட்டு வரி இங்கே, சாமான் வாங்குகிற கடை இங்கே. வயதாகி முட்டி தேய்ந்தபின் அம்மா அப்பாவைப் பார்க்க ஆள் இல்லாத தெரு மட்டும் அங்கே. விதை நெல் ஒருத்தனுடையது, அறுவடை இன்னொருத்தனுடையது. கடைசியில் அறுத்தவன் கேட்கிறான், "நீ ஏன் உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?" என்று.

நான் ஒரு ஆசிரியன். நாட்டில் எத்தனையோ ஆசிரியர்கள் என்னைப் போலவே, கிராமத்துப் பள்ளிகளில், நல்ல பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, "நீ நல்லாப் படிச்சு இந்த ஊரைவிட்டுப் போயிரு" என்று ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறார்கள். நன்றாகப் படித்தால் ஊரைவிட்டுப் போகலாம் என்பதே பரிசாக இருக்கிற ஊருக்கு வளர்ச்சி எப்படி வரும்?

3. அண்ணா கேட்ட கேள்வி

வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டெல்லியில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்கள் தொழிற்சாலையை எல்லாம் வடக்கே கொண்டுபோகிறார்கள் என்பது அன்றைய கோபம். நியாயமான கோபம். 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் எழுச்சி நாள் நடத்திக் கேட்டது என்ன? சேலத்துக்கு உருக்காலை, தூத்துக்குடிக்குத் துறைமுகம், சேது கால்வாய். எதுவும் சென்னைக்கு இல்லை, கவனியுங்கள்.

அந்த முழக்கத்தை இன்று தமிழ்நாட்டு வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அப்படியே பொருந்துகிறது. தெற்கு என்பதைத் திசையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அரியலூரும் திருவண்ணாமலையும் விழுப்புரமும் இந்தக் கணக்கில் தெற்குதான். மாநிலத் திட்டக் குழு 2017இல் கொண்டுவந்த மனித மேம்பாட்டு அறிக்கையில் முதலிடம் கன்னியாகுமரிக்கு, கடைசி இடம் அரியலூருக்கு. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல்லை வெட்டிக் கொடுக்கிற அரியலூர்! நிதி ஆயோக் 2018இல் நாடு முழுவதும் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது, நம் மாநிலத்திலிருந்து போனவை ராமநாதபுரமும் விருதுநகரும்.

டெல்லியின் மீது எனக்கும் கோபம் உண்டு. 9ஆவது நிதிக்குழுக் காலத்தில் 7.931 சதவீதமாக இருந்த நம் வரிப் பங்கு 15ஆவது நிதிக்குழுவில் 4.079 சதவீதமாக இறங்கியது. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2022இல் சேர்ந்த முதல் வகுப்பு மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார்கள். 2025 நவம்பரில் மதுரை, கோவை மெட்ரோ திட்டங்களை, மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் சேர்ந்தால்தான் வசதி என்றால், வசதி இருக்கிற இடத்தில்தானே கூட்டம் சேரும்? முட்டாள்தனமான வட்டம்.

ஆனால் அந்த வட்டத்தை நாமும்தானே சுற்றுகிறோம்? சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு 9,335 கோடியில் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது என் வீட்டுப் பக்கம்தான் வருகிறது. வந்தால் எனக்கு வசதி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் எதிரே வந்து, "சார், டெல்லிகிட்ட நீங்க கேக்குற கேள்வியை நான் உங்ககிட்ட கேக்கலாமா?" என்றால் நான் என்ன பதில் சொல்வேன்? நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பீகாருக்குப் பணம் போவதைக் கிண்டல் செய்கிற மீம்ஸை உறவினர் குரூப்பில் தினமும் பார்க்கிறேன். ஒரு வரலாறு சொல்கிறேன். 1950களில் ஆரம்பித்து 1990களின் தொடக்கம் வரை, இரும்பையும் எஃகையும் நாட்டின் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் ஒரே விலை என்று சரக்குக் கட்டணத்தை மத்திய அரசு சமப்படுத்தி வைத்திருந்தது. இரும்பும் நிலக்கரியும் தோண்டியெடுத்த பீகாருக்குத் தன் மண்ணால் கிடைக்கவேண்டிய அனுகூலம் போயிற்று. துறைமுகம் இருந்த மாநிலங்களுக்கு, நமக்கும் சேர்த்து, லாபம். ஏழ்மை வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து போட்ட கையெழுத்திலிருந்தும் விழுகிறது.

4. எவன் வருவான்?

இப்போது என் சொந்தக்காரப் பையனுக்கு.

சிப்காட்டை 1971இல் ஆரம்பித்ததே பின்தங்கிய பகுதிகளில் தொழில் வளர்க்கத்தான். ராணிப்பேட்டையும் ஓசூரும் அதன் முதல் பிள்ளைகள். ஓசூர் அன்று வறண்ட சிற்றூர். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் அங்கே போனது அரசு நிலம் கொடுத்து, சலுகை கொடுத்து, சாலை போட்டு அழைத்ததால். பெங்களூர் பக்கத்தில் இருந்தது என்பாய். ஒப்புக்கொள்கிறேன். செய்யாறுக்குப் பக்கத்தில் எந்தப் பெங்களூர் இருந்தது? சிப்காட்டில் வந்த காலணித் தொழிற்சாலைகளில் இன்று பல ஆயிரம் கிராமத்துப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். காலையில் கம்பெனி பஸ், ராத்திரி சொந்த வீடு. அந்தச் சம்பளத்தில் தாம்பரத்தில் அறை வாடகை போக என்ன மிஞ்சும்? அங்கே சேமிப்பு மிஞ்சுகிறது, அம்மாவின் கைச் சாப்பாடும் மிஞ்சுகிறது.

பெரம்பலூர் எறையூருக்கும் காலணி ஆலை போயிற்று. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியில் சிறிய டைடல் பூங்கா திறந்தார்கள், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியிலும் அதே ஆண்டில். தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. எவன் வருவான் என்று கேட்டாயே, கடல் தாண்டி வந்திருக்கிறான். இதைச் செய்த அரசைப் பாராட்டுகிறேன். ஆனால் முப்பது வருடக் குவியலுக்கு முன்னால் இது கைப்பிடி மண்.

அரிவாள் பற்றி. 1990களின் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு நீதிபதி ரத்னவேல் பாண்டியன் குழு, தென் மாவட்ட இளைஞர்களுக்கு வேலை வேண்டும், அங்கே தொழில் வளரவேண்டும் என்று பரிந்துரைத்தது. நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்துவைத்த ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெரும்பகுதி அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடந்தது. 2023 ஆகஸ்டில் அதே நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்று ஆசிரியனாக இருந்ததற்கு என் உடம்பு கூசியது. வேலை வந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சாதியைத் தனியாகத்தான் எதிர்க்கவேண்டும். ஆனால் போக இடமும் செய்ய வேலையும் இல்லாத பையனிடம் பெருமை என்று ஒன்றைக் கொடுக்க சாதிச் சங்கம் மட்டுமே தெருமுனையில் நிற்கிறதே, அதற்கு யார் பொறுப்பு? கலவரம் நடக்கிறதால் தொழில் வராது, தொழில் வராததால் கலவரம் நடக்கும் என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்போமா?

இன்னொரு உதாரணம். 2004 ஜூலை 24 வரை, கன்னியாகுமரிக்காரர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு போட வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க ரயிலேறி சென்னைக்குத்தான் வரவேண்டும். அன்று மதுரைக் கிளை திறந்தது. வானம் இடிந்து விழவில்லை, நீதி குறைந்துவிடவில்லை. வக்கீல் பீஸோடு லாட்ஜ் வாடகையும் கொடுத்துக்கொண்டிருந்த ஏழைக்கு வழி திறந்தது. கோட்டூர்புரத்தில் 2010இல் நூலகம், மதுரைக்கு அதற்கு இணையான ஒன்று வர 2023 ஜூலை ஆயிற்று. பதின்மூன்று வருடத்தில் ஒரு தலைமுறை பள்ளி முடித்துப் போய்விடும். ஆனாலும் வந்த நாளிலிருந்து அங்கே பிள்ளைகள் நிறைகிறார்கள். திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. கதவுதான் ஒரே ஊரில் இருக்கிறது.

5. என்ன செய்ய வேண்டும்?

எம்.ஜி.ஆர். 1980களில் யோசித்த மாதிரி தலைநகரைத் திருச்சிக்கு மாற்றச் சொல்லவில்லை. கொரியாக்காரர்கள் சியோலைச் சுற்றிப் பாதி நாடு குவிந்துவிட்டதே என்று பயந்து, சேஜோங் என்று தனி நகரமே கட்டி அமைச்சகங்களை அங்கே நகர்த்தினார்கள். நம்மால் ஆகக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு பட்ஜெட்டோடும், எந்த மாவட்டத்தில் சாலை, ரயில், மருத்துவமனை, தொழிற்பேட்டைக்கு எத்தனை ரூபாய் செலவானது, தலைக்கு எவ்வளவு என்று ஒரே அட்டவணையாக சட்டமன்றத்தில் வைக்கட்டும். டெல்லியிடம் பைசாக் கணக்குக் கேட்கிற நாம், நம் வீட்டுக் கணக்கை மறைக்கக் கூடாது.

இரண்டாவது, சலுகைக்கு முன்னால் வசதி. தொழிற்கொள்கையில் மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்துப் பின்தங்கியவற்றுக்குக் கூடுதல் சலுகை தருகிறார்கள். நல்லது. ஆனால் முதலாளி சலுகையை மட்டுமா பார்க்கிறார்? தன் இன்ஜினியர் குடும்பத்துக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விமானம், ரயில் இருக்கிறதா என்று பார்க்கிறார். மதுரை விமான ஓடுதளத்தை நீட்டுகிற வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. முதலில் இதை முடியுங்கள்.

மூன்றாவது, அலுவலகங்கள். மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் இருக்கலாம் என்றால், மீன்வளத் துறையின் தலைமையகம் ஏன் சென்னையில்? வேளாண் இயக்குநரகம் ஏன் தஞ்சாவூரில் இல்லை? அதிகாரி இருக்கிற ஊரில் கல்லூரியும் ஹோட்டலும் ரயிலும் தானாக வரும்.

நான்காவது, இந்த வட்டத்துக்குள் இனி விளைநிலத்தையும் ஏரியையும் விழுங்கும் திட்டம் எதுவானாலும், தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பதில் சொல்லிவிட்டுப் பிறகு செய்யட்டும். பரந்தூர் விமான நிலையத்துக்குப் பல கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் எடுக்கிறார்கள். 2022இல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஏகனாபுரத்து ஜனங்கள் மாலை தோறும் கூடி வேண்டாம் என்றார்கள், கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவையா என்று விவாதிக்கிறோம். மற்ற ஊருக்கு முதலாவது ஒழுங்காக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

நோக்கியா 2014 நவம்பரில் மூடியபோதும் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோதும், வேலை போன எத்தனையோ பிள்ளைகள் ஊருக்கு பஸ் ஏறினார்கள். ஊரில் அவர்களுக்கென்று ஒன்றும் காத்திருக்கவில்லை. எல்லா நெல்லையும் ஒரே குதிரில் கொட்டினால் ஒரு எலி போதும் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்களில் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், கோட்டையில் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த கிளையைத் திறக்கும்போது ஓ.எம்.ஆரில் மாடி தேடுவதற்கு முன், பிறந்த மாவட்டத்தில் ஒரு கட்டடம் பாருங்கள். கோப்பில் எழுதும்போது, இது ஏன் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தெருவிளக்கோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.

மறுப்பு இருந்தால் கமெண்டில் எழுதலாம். என்னைத் திட்டவும் திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். திட்டுவதைச் சந்திப்பிழை இல்லாமல் திட்டினால் கூடுதல் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்,
கிழக்குத் தாம்பரம்.